என் வேலை முகத்தைப் பார்ப்பது

சீழுக்கு மருந்தே இல்லாத ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், நான் பெங்களூர் கண்டோன்மென்டில் ஓர் ஆஸ்பத்திரி நர்ஸ். ஆஸ்டின் டவுனிலிருந்து ஆறு வயது ரோசியை அவள் அம்மா தூக்கி வந்தார். காதுச் சீழ் எலும்பு வரை பரவியிருந்தது.

"காதுலதானே ஆபரேஷன் சிஸ்டர்? மொகத்துக்கு ஒண்ணும் ஆவாதே?"

முகத்தை அசைக்கும் நரம்பு நடுக்காதை ஒட்டித்தான் ஓடுகிறது. உளி கொஞ்சம் தவறினால் பாதி முகம் செத்துவிடும். அதனால் டாக்டர் எலும்பைச் செதுக்கும்போது, மயக்கத்தில் இருப்பவரின் முகத்தையே ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்; முகம் துடித்தால் உளி நரம்பருகே வந்துவிட்டது என்று அர்த்தம். அன்று அது என் வேலை.

சுத்தியல் தட்டிக்கொண்டே இருந்தது. ரோசியின் உதட்டோரம் துடித்தது.

"சார், உதடு."

உளி நின்றது. அதன்பின் டாக்டர் சுத்தியலைத் தொடவில்லை. சின்னக் கரண்டியால் சுரண்டி முடித்தார். நரம்பு தப்பியதா என்று அவள் விழித்தால்தான் தெரியும்.

சாயங்காலம் விழித்தாள். "சிரி கண்ணு" என்றார் டாக்டர். மறுபடியும் கேட்டார். முகம் அசையவேயில்லை. பிறகு, மழித்திருந்த பாதித் தலையைத் தடவிப் பார்த்தவள் ஓவென்று அழுதாள். வாயின் இரண்டு ஓரமும் ஒன்றாகக் கோணின.

"கொழந்த அழுவுது, நீங்க சிரிக்கிறீங்களே சிஸ்டர்" என்றார் அம்மா.

இன்றும் யார் சிரித்தாலும் என் கண் முதலில் அந்த இரண்டு ஓரங்களுக்குத்தான் போகிறது.