ஏழில் ஒருத்தியா, ஐந்தில் ஒருத்தியா

லூட்கார்ட் கோழி சுட்டு விற்கிறவள். வியாழக்கிழமைதோறும் எங்கள் ஊர் வெட்டெரன் சந்தையில் அவளுடைய வண்டி என் பாலாடைக்கட்டிக் கடையை ஒட்டி நிற்கும். அவள் கோழி வாசனையில் என் சரக்கை எவனும் மோந்துகூடப் பார்ப்பதில்லை என்று இத்தனை வருஷமாக அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்தச் சந்தையிலேயே நான் மரியாதை வைத்திருக்கிற ஆள் அவள் ஒருத்திதான். வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தவள். நானோ தூக்கத்தில்கூடப் பேசுகிறவள், எனக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அவள் பிறந்தது கால்கன் என்கிற ஊரில், கோழிப்பண்ணைக்காரர் வீட்டில். ஆறு பிள்ளைகளில் நாலாவது. பண்ணைப் பிள்ளைகள் எல்லாம் கோழி மாதிரியே கத்தும், இவள் மட்டும் முட்டை பொறுக்கிக்கொண்டு பேசாமல் இருப்பாளாம். ஊர்த் திருவிழாவில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் ரூலாண்டைப் பார்த்தாள், கட்டிக்கொண்டாள். அவனோ ஓட்டை வாய். ஜாடிக்கேத்த மூடி என்று சொல்ல முடியாது, ஆனால் ஜாடி உடையாமல் இருக்கிறது.

எட்டு வருஷத்துக்கு முன்னால், வழக்கில் தீர்ப்புச் சொல்ல வாக்காளர் பெயர்களைக் குலுக்கி எடுத்ததில் லூட்கார்டின் பெயர் விழுந்தது. கெண்ட் நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்கு, பன்னிரண்டு ஜூரிகளில் இவளும் ஒருத்தி. லோகெரன் பக்கம் ஒரு தச்சுப்பட்டறை எரிந்து உள்ளே இருந்த ஒருவன் செத்துப்போனான். தீ வைத்தது அவனுடைய தொழில் கூட்டாளி குர்ட்தான் என்று வழக்கு. அது முடிகிறவரை ரூலாண்ட் தனியாகக் கோழி சுட்டான். ஒரு பக்கம் கருகல், ஒரு பக்கம் பச்சை. என் வியாபாரம் அப்போதுதான் கொஞ்சம் நடந்தது.

ஜூரிகள் சீட்டில் ஆம், இல்லை என்று எழுதி மடித்துப் போடுவார்கள். எண்ணி முடித்ததும் சீட்டுகளை எரித்துவிடுவார்கள். யார் என்ன எழுதினார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்தவருக்கே தெரியாது, வெளியே வந்து சொன்னால் அதுவே குற்றம். ஏழுக்கு ஐந்து என்று வந்தால் மட்டும் நீதிபதிகளும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும், அதனால் அந்தக் கணக்கு வெளியே தெரிந்துவிடும். குர்ட்டுக்கு அப்படித்தான் வந்தது. ஏழு பேர் குற்றவாளி என்றார்கள், ஐந்து பேர் இல்லை என்றார்கள். நீதிபதிகள் ஏழு பேர் பக்கம் சேர்ந்தார்கள். குர்ட் உள்ளே போனான்.

லூட்கார்ட் ஏழில் ஒருத்தியா, ஐந்தில் ஒருத்தியா? கேட்காத ஆள் இல்லை. நானும் கேட்டேன், பொய் சொல்வானேன். "உன் பாலாடைக்கட்டி எல்லாம் வெயில்ல வேர்க்குது நெல்லி, போய்ப் பாரு" என்றாள். ரூலாண்டுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஒரே கட்டில்ல படுக்கிறோம், எங்கிட்டகூடவாடி சொல்லக் கூடாது?" என்று அவன் புலம்புவான். "கட்டில்ல படுத்தா தூங்கணும். திரும்பிப் படு" என்பாள்.

தீர்ப்பு வந்த அடுத்த வருஷம் குர்ட்டின் அம்மா ஜெர்மேன் எங்கள் ஊருக்கே குடிவந்தாள். செத்துப்போனவனின் பெற்றோர் அவள் தெருவிலேயே இருந்தார்கள், அங்கே அவளால் இருக்க முடியவில்லை. ஒரு வியாழக்கிழமை கோழி வண்டி வரிசையில் அந்தக் கிழவி நின்றாள். லூட்கார்ட் நிமிர்ந்து பார்த்தாள், கை அப்படியே நின்றுவிட்டது. வழக்கு முழுக்க எதிரெதிரே உட்கார்ந்திருந்தவர்கள், ஒருத்தி முகம் ஒருத்திக்கு மறக்குமா? ஜெர்மேன் சொன்னது இவ்வளவுதான்: "பாதிக் கோழி குடும்மா. அது வேண்டாம், வெளுத்துக் கிடக்கு. நல்லா செவந்ததா பாத்துக் குடு."

அடுத்த வாரமும் வந்தாள், குறை சொன்னாள். பிறகு சந்தை கலைந்ததும் இருவரும் முக்குக் காபிக்கடையில் உட்கார ஆரம்பித்தார்கள். புதன்கிழமை ஜெர்மேன் சிறைக்குப் போய் மகனைப் பார்த்துவிட்டு வருவாள். வியாழக்கிழமை அவன் மெலிந்திருக்கிறான், இருமுகிறான், புதுச் சட்டை கேட்டான் என்று லூட்கார்டிடம் சொல்வாள். வேறு யாரிடம் சொன்னாலும் முகத்தில் ஒரு கேள்வி எட்டிப் பார்க்கும், 'நிஜமா அவன்தான் செஞ்சானா?' என்று. இவள் முகத்தில் அது வராது. லூட்கார்டுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் காபி நேரத்துக்காகவே அவள் வாரம் முழுக்கக் காத்திருந்தாள் என்று நான் சொன்னால் மிகையில்லை.

அப்புறம் வந்தது அந்தத் தொலைக்காட்சித் தொடர். ஞாயிற்றுக்கிழமை இரவு ஊரே அதன் முன்னால்தான். ஒரு கொலை வழக்கு, பன்னிரண்டு ஜூரிகள், ஒவ்வொருவர் வீட்டுக்குள்ளும் என்ன நாற்றம் என்பதுதான் கதை. ஒருத்தன் குடிகாரன், ஒருத்தி மருமகளோடு பேச்சில்லை. எட்டாம் நாற்காலிக்காரி சந்தையில் கோழி சுட்டு விற்கிறவள். அவளுக்கு ஒரு மீன்காரனோடு தொடுப்பு. விசாரணை இழுத்துக்கொண்டே போனால் அவனைப் பார்க்க முடியாது, அதனால் எப்படியாவது சீக்கிரம் முடியட்டும் என்று 'குற்றவாளி' என்று எழுதிப் போடுகிறாள்.

தொடரை எழுதியவன் ஒரு முறை எங்கள் சந்தைக்கு வந்து கோழி தின்றுகொண்டே பேச்சுக் கொடுத்திருந்தான். நீதிமன்றத்துச் சூப்பு தண்ணியாக இருந்தது என்பதற்கு மேல் லூட்கார்ட் ஒன்றும் சொல்லவில்லை, நான் பக்கத்தில்தான் இருந்தேன். கோழியை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியை அவனே வளர்த்துவிட்டான். வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தால் விடுமா? எங்கள் சந்தை மீன்காரருக்கு எழுபது வயசு, அவர் பெண்டாட்டி மூன்று நாள் அவருக்குச் சோறு போடவில்லை.

கோழிக்காரி கதை ஓடிய அந்த வாரமும் ஜெர்மேன் வந்தாள், குறை சொன்னாள், காபி குடித்தாள். லூட்கார்டுக்கு உயிர் வந்தது. ஆனால் அதற்கடுத்த வியாழக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. கடைசியில் தொடர் பார்த்துத்தான் மனசு மாறிவிட்டாள் என்று சந்தை தீர்ப்பு எழுதிவிட்டது. நானும் அதைத்தான் நினைத்தேன். லூட்கார்ட் முக்குக் கடையில் தனியாக உட்கார்ந்து காபியை ஆறவிட்டு எழுந்து வருவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்டி. அஞ்சுல ஒருத்தின்னு சொல்லு, கிழவி ஓடி வரும்."

"நான் அஞ்சுல ஒருத்தின்னு உனக்கு யாரு சொன்னா?"

"இல்லாட்டியும் சொல்லு."

"சீ, போ" என்றாள்.

கம்பியில் கோழி கோத்துக்கொண்டிருந்த ரூலாண்ட் அப்போது வாயைத் திறந்தான். "சொல்லாமலா இருப்பேன்? நான் சொல்லியாச்சு. கிழவி கடைசியா வந்தப்போ பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே போய், என் பெண்டாட்டி அஞ்சுல ஒருத்தி, எங்கிட்ட அவளே சொன்னான்னு அடிச்சு சொன்னேன். அப்பவும் வரல பாரு. என்ன கல்லு மனசோ."

லூட்கார்ட் இடுக்கியைக் கீழே வைத்தாள். அவனைத் திட்டவில்லை. "உன்னைத் தனியா விட்டதே என் தப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "சந்தை முடிஞ்சதும் கூட வா நெல்லி. தனியாப் போகப் பயமா இருக்கு."

ஆற்றோரத்துக் குடியிருப்பில் இரண்டாம் மாடி. ஜெர்மேன் கதவைத் திறந்தாள், உள்ளே விட்டாள், கேட்காமலே காபி ஊற்றினாள். ஆனால் லூட்கார்டின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"அந்தத் தொடர்ல வர்றவ நான் இல்ல" என்றாள் லூட்கார்ட்.

"அது எனக்குத் தெரியாதா? மீன்காரனுக்குப் பல்லே சொந்தமில்ல."

"அப்புறம் ஏன் வரல?"

ஜெர்மேன் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள். "நீ அஞ்சு பேர்ல ஒருத்தின்னு உன் புருஷன் சொன்னாரு."

என் வாய் சும்மா இருக்குமா? "அது நல்ல சேதிதானே?" என்றேன்.

"உனக்கு நல்ல சேதி. நான் அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்று கிழவி என் பக்கம் திரும்பினாள். "என் புள்ளைய நம்பினவன்னா நான் இவளைக் கும்பிடணும். இவ எதிர்ல தலை குனிஞ்சே உக்காரணும். வெந்தது வேகாததுன்னு ஒரு குறை சொல்ல முடியுமா இனிமே? ஏழுல ஒருத்தின்னா வெறுக்கணும், அதுக்கும் எனக்குத் தெம்பில்ல. எது எதுன்னு தெரியாத வரைக்கும் நாங்க ரெண்டு பேர் உக்காந்து காபி குடிச்சோம், அவ்வளவுதான். அந்த மாதிரி எனக்கு வேற இடம் இல்ல."

நான் லூட்கார்டைப் பார்த்தேன். கும்பிடத் தயாராக ஒருத்தி எதிரில் இருக்கிறாள், ரூலாண்ட் சொன்னதை மறுக்காமல் இவள் சும்மா இருந்தாலே போதும், ஊர்வாயும் அடைந்துபோகும். லூட்கார்ட் கையை நீட்டி அந்தக் கரண்டியை நிறுத்தினாள்.

"ரூலாண்டுக்கு ஒண்ணும் தெரியாது, ஜெர்மேன். நான் அவன்கிட்ட சொன்னதே இல்ல. யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஜெர்மேன் இப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அப்போ, நீ ஏழுலயும் இருக்கலாம்?"

"இருக்கலாம்."

"அப்பாடா" என்று சொல்லி ஜெர்மேன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.