கறைக்காரம்மாவும் சுவரில் மாட்டிய துப்பாக்கியும்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவரை எல்லோரும் கறைக்காரம்மா என்றே அழைத்தார்கள். இரத்தமோ, மருந்தோ, மையோ, எந்தக் கறையும் அவர் கையில் சிக்கினால் தப்பியதில்லை. எதைக் குளிர்ந்த நீரில் ஊறவைக்க வேண்டும், எதை வெந்நீரில் போட்டால் கறை துணியோடு ஒட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற பின்னும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. மகன் வீட்டு மேசைவிரிப்பில் ஒரு சொட்டுத் தேநீர் சிந்தினாலும், சிந்தியவர் எழுவதற்குள் விரிப்பு வாளிக்குள் கிடக்கும்.

அந்த வீட்டில் அவர் தேய்க்காமல் விட்டுவைத்த பொருள் ஒன்றே ஒன்றுதான். கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே தொங்கிய பழந்துப்பாக்கி.

பெரிய வீடொன்றில் காவலாளியாக இருந்த அவருடைய கணவருக்கு, அவ்வீட்டார் இடம்பெயர்ந்தபோது கொடுத்துச் சென்றது அது. குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் காலத்துத் துப்பாக்கி. குழலை ஈயம் ஊற்றி எப்போதோ அடைத்துவிட்டார்கள். காட்சிக்கு வைத்துக்கொள்வதற்கான அனுமதிச் சீட்டு, கணவர் காலமான பின் கறைக்காரம்மாவின் பெயருக்கு மாறியிருந்தது. குழல் முழுவதும் பழுப்பேறியிருந்தது. கட்டையில் கைபிடிக்கும் இடம், யார் யாருடைய வியர்வையையோ குடித்துக் கறுத்திருந்தது.

மகன் கெட்டவனல்லன். தொல்லையே அதுதான். கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியிருக்கலாம். "சாப்பிட்டியாம்மா? மாத்திரை போட்டியாம்மா?" என்று அலுவலகத்திலிருந்தும் கேட்பான். அவர் செருப்பில் கால் நுழைத்தால் போதும், "எங்க அத்தை கிளம்பிட்டீங்க? இருங்க, நானும் வரேன்" என்று மருமகள் பின்னாலேயே வந்துவிடுவாள். இரண்டு அறைகளில் ஒன்று மகனுக்கும் மருமகளுக்கும், மற்றொன்று படிக்கிற பேத்திக்கும். கூடத்தில் மடக்குக் கட்டில்தான் கறைக்காரம்மாவுக்கு. தொலைக்காட்சியை எல்லோரும் பார்த்து முடித்த பிறகே அதை விரிக்க முடியும். ஓய்வூதியத்தில் பெரும்பகுதியோ, அவரே முழுமனத்தோடு கையெழுத்திட்டுக் கொடுத்தபடி, வீட்டுக் கடனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

சலவைக்கூடத்தில் உடன் வேலை பார்த்த இஸ்திரியக்கா ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தார்.

"ஏ கறை, என் பக்கத்து ரூம் காலியாகுது. சின்ன ரூம்தான். ஆனா உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு. போட்டுக்கிட்டா போட்டதுதான், ஒருத்தரும் தட்ட மாட்டாங்க. அட்வான்ஸ் மட்டும் தேத்திடு. மாசக் கடைசி வரைக்கும் நிறுத்தி வைக்கச் சொல்றேன்."

முன்பணத்துக்கு வழி தேடியபோதுதான் அவருடைய கண் சுவரின்மேல் போயிற்று. மகனும் மருமகளும் வெளியே சென்றிருந்த வேளையில், பழம்பொருள் கடைக்காரரை வீட்டுக்கு வரவழைத்தார். கடைக்காரர் பூதக்கண்ணாடியை வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"நல்ல வேளைம்மா, யாரும் கை வைக்கலை. இந்தப் பழுப்பு இருக்கிற வரைக்கும்தான் இதுக்கு மதிப்பு. தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கிட்டீங்கன்னா அப்புறம் திரைச்சீலை மாட்டத்தான் ஆகும். இப்படியே குடுங்க, நானே வாங்கிக்கிறேன். சீட்டையும் முறையா மாத்திக்கலாம்."

அவர் தருவதாகச் சொன்ன தொகை, முன்பணத்துக்குப் போக ஒரு கட்டில் வாங்கவும் போதும். மடக்காத கட்டில்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையே மகன் உப்புத்தாளும் வார்னிஷ் டப்பாவும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"உனக்காகத்தாம்மா. அப்பா துப்பாக்கியைப் புதுசு மாதிரி ஆக்கிடறேன்."

"எதுக்குடா வீண் வேலை? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"அது பாட்டுக்கா? ஆஸ்பத்திரி முழுக்க உனக்குக் கறைக்காரம்மான்னு பேரு. நடு வீட்டுல இவ்வளவு பெரிய கறையைத் தொங்க விட்டிருக்க. வெளிய சொன்னா சிரிப்பாங்க!"

"அத்தைக்குப் பயங்க. எங்க வெடிச்சிடுமோன்னு" என்று மருமகள் அடுக்களையிலிருந்து சிரித்தாள்.

அவன் துப்பாக்கியை இறக்கிச் செய்தித்தாளின்மேல் கிடத்தினான். வார்னிஷ் டப்பாவை நெம்பித் திறந்து வைத்தான். உப்புத்தாளை நான்காக மடித்து, குழலின் நுனியில் வைத்தான்.

"தேய்க்காதடா! தேய்ச்சா மதிப்புப் போயிடும்!"

மகன் நிமிர்ந்தான். "யாரு சொன்னா?"

"பழைய சாமான் கடைக்காரர்."

"அவர்கிட்ட நீ எதுக்கும்மா கேட்ட?"

சொல்லிவிட ஒரு வாக்கியம் போதும். 'நான் இதை விற்றுவிட்டுத் தனியே இருக்கப் போகிறேன்.' வாய்வரை வந்தது. மகனுடைய மூக்கில் ஒரு துளி வார்னிஷ் ஒட்டியிருந்தது. சிறு வயதில் சோறு ஒட்டிக்கொண்டிருந்த அதே இடம். கறைக்காரம்மா கட்டைவிரலால் அதைத் துடைத்துவிட்டார்.

"சும்மாதான்டா. உங்கப்பா நினைவா இருக்கிறது, அதுபாட்டுக்கு இருக்கணுமேன்னு கேட்டேன்."

மகனுக்குக் கண் கலங்கிவிட்டது. உப்புத்தாளைத் தூக்கி எறிந்தான்.

அடுத்த சில நாள்களில் தச்சரொருவர் வந்து அளவெடுத்துப் போனார். துப்பாக்கிக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி வந்தது. உள்ளே வெல்வெட்டுத் துணி, ஓரத்தில் சிறு விளக்கு, முகப்பில் பூட்டு. சாவி மகனுடைய அலுவலகப் பையிலேயே இருந்தது. அனுமதிச் சீட்டும் பத்திரமாக இருக்கட்டுமென்று அவனுடைய அலமாரிக்குள் போயிற்று. வருகிறவர்களிடமெல்லாம் அவன் ஒரே கதையைச் சொன்னான்.

"அம்மா மட்டும் தடுக்கலைன்னா நான் கெடுத்திருப்பேன். இது எங்க குடும்பச் சொத்து. எத்தனை தலைமுறை ஆனாலும் விக்கறதுங்கற பேச்சே கிடையாது."

வந்தவர்கள் கறைக்காரம்மாவைப் பார்த்துத் தலையசைத்துப் பாராட்டினார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

மாதக் கடைசி நெருங்கியது. ஒரு காலையில், அலுவலகத்துக்குக் கிளம்பிய மகனிடம் அவர் மெல்லக் கேட்டார்.

"சாவியைக் குடுத்துட்டுப் போடா."

"எதுக்கும்மா?"

"உள்ள தூசி போயிருக்கு. துடைக்கணும்."

மகன் வாய்விட்டுச் சிரித்தான். "அதைத் தொடவே கூடாதுன்னு நீதானேம்மா சொன்ன? கை அரிக்குதா உனக்கு?" அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்து, பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.

"அத்தை, மாத்திரை" என்று மருமகள் தண்ணீர்க் குவளையை நீட்டினாள். அவர் விழுங்கினார்.

தொலைபேசி ஒலித்தது. எடுத்தவுடன் இஸ்திரியக்காவின் குரல் கேட்டது. "என்ன முடிவு பண்ணின? ஒரு நர்ஸு பொண்ணு வந்து பார்த்துட்டு நிக்குது."

மருமகள் குவளையைத் திரும்ப வாங்க அருகிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணுக்கே குடுத்துடச் சொல்லுக்கா" என்றார் கறைக்காரம்மா.

"யாரு அத்தை?"

"வேலை பார்த்த இடத்துல. வேற ஒண்ணுமில்ல."

நேற்று வந்தவர்களுள் யாரோ கண்ணாடிமேல் விரல் பதித்திருந்தார்கள். அவர் ஈரத்துணியை எடுத்து வந்து அந்தத் தடத்தைத் துடைத்தார். அது போய்விட்டது. கண்ணாடிக்கு அப்பால், சிறு விளக்கின் வெளிச்சத்தில், குழலின் பழுப்பு துளியும் குறையாமல் இருந்தது.