கோட்டோரத்துச் சாட்சி

ராஜேஷின் கால் ஒடிய வேண்டும், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் ரோசம்மாள் இரண்டு வருஷமாகக் கபடிப் போட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

காட்டேரிக்குப்பத்துக்காரி. திருபுவனை தொழிற்பேட்டையில் ஒரு சோப்புக் கம்பெனியில் பாக்கிங் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோயில் பூசைக்குப் போவாள். மத்தியானம் சோறு ஆக்கி வைத்துவிட்டு, ராஜேஷ் ஆடும் திருக்கனூர் அணி எந்த ஊரில் ஆடுகிறதோ அந்த ஊருக்கு பஸ் ஏறிவிடுவாள். வில்லியனூர், பாகூர் என்று தூரம் பார்த்ததில்லை. முன்வரிசையில், சுண்ணாம்புக் கோட்டை ஒட்டித் தரையில் உட்காருவாள். மற்ற பெண்கள் போல் கத்த மாட்டாள், கை தட்ட மாட்டாள். முந்தானைக்குள் ஜெபமாலை உருளும். கண் மட்டும் ராஜேஷின் காலை விட்டு நகராது.

அவளுடைய ஒரே பிள்ளை டேனியல் காட்டேரிக்குப்பம் அணிக்கு ரைடு போனவன். மாநில அணித் தேர்வுக்குப் பெயர் வந்திருந்த நேரம். பொங்கல் போட்டியில் திருக்கனூர்க்காரர்கள் அவனை மடக்கிப் பிடித்தார்கள், அம்பயர் விசிலும் ஊதிவிட்டார். எல்லோரும் எழுந்த பிறகும் அவன் குப்புறக் கிடந்தான். பின்னாலிருந்து ஓடி வந்த ராஜேஷ் குதிகாலால் அவன் முட்டியில் ஓங்கி மிதித்தான். இரண்டு ஆபரேஷன் ஆகியும் டேனியலால் அதன்பின் ஓட முடியவில்லை. திருக்கனூரில் ஒரு செல்போன் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்க்கிறான்.

அன்றைக்கு ரோசம்மாள் ஷிப்டில் இருந்தாள். பார்த்தவர்கள் முந்நூறு பேர் இருப்பார்கள். விழாக் கமிட்டி கூப்பிட்டு விசாரித்தபோது ஒருத்தர் விடாமல் கூட்டத்தில் சரியாகத் தெரியவில்லை என்றார்கள். ராஜேஷின் அப்பா குழந்தைவேலுக்குப் பத்து ஏக்கர் கரும்பு. காட்டேரிக்குப்பத்தில் பாதிப் பேர் அங்கேதான் வெட்டுக்குப் போகிறார்கள். டேனியலே வழுக்கி என் காலுக்கடியில் வந்து விழுந்தான் என்று ராஜேஷ் சாமி மேல் சத்தியம் பண்ணினான். அதோடு விசாரணை முடிந்தது.

மிதித்ததைவிட அந்தச் சத்தியம்தான் ரோசம்மாளைத் தின்றது. அன்றிலிருந்து பூசையில் பரலோக மந்திரம் சொல்லும்போது, தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல என்ற வரி வந்தால் வாயை மூடிக்கொள்வாள். புருஷன் வீரப்பன், கோயிலுக்குப் போகிறவள் இப்படி ஒருத்தன் கெட்டுப்போக ஜெபிக்கலாமா என்று கேட்டுப் பார்த்தார். டேனியலும் விடும்மா, விடும்மா என்றான். பாவங்களைச் சாமியாரிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் அவளே ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். அடுத்தவனுக்குத் தீமை கேட்பது ஜெபமே இல்லை என்றார் அவர்.

“நான் தீமை கேக்கல சாமி. நியாயம் கேக்குறேன். இன்னா தப்பு?” என்றாள். அவர் சொன்ன பிராயச்சித்தத்தைச் செய்து முடித்து, அடுத்த ஞாயிறும் பஸ் ஏறினாள்.

தன்னை ஒருத்தி பார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்பது ராஜேஷுக்குத் தெரியும். பாகூரில் ஒருமுறை ரைடுக்குப் போனவன் அவள் முகத்தைப் பார்த்ததும் மூச்சை விட்டு அவுட் ஆனான். ரோசம்மாளுக்கு அன்றைக்கு ராத்திரிச் சோறு இனித்தது.

இந்த மே மாதம் திருக்கனூர் திடலில் இறுதிப் போட்டி. எதிரணி காட்டேரிக்குப்பம். கடைசி ரைடு வரைக்கும் இரண்டு பக்கமும் சம புள்ளி. ராஜேஷ் பாடிப் போய் ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது மூன்று பேர் சேர்ந்து அவனை ஓரக்கோட்டுக்குத் தள்ளினார்கள். ஒரு காலைக் கோட்டோரம் ஊன்றித் துள்ளி, நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். கால் வெளியே பட்டது, அவுட் என்றது காட்டேரிக்குப்பம். படவில்லை என்றது திருக்கனூர். அம்பயரை ஆட்கள் மறைத்துவிட்டார்கள். மிதிபட்டதில் கோடும் கலைந்து போயிருந்தது. நாற்காலிகள் தூக்கப்படும் நேரத்தில் ராஜேஷ் கையை உயர்த்தினான்.

“அந்த அம்மாவக் கேளுங்க. என் காலத் தவுர அவங்க வேற எதையும் பாக்க மாட்டாங்க.”

அவனுடைய ஆட்களே அவனைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தார்கள். காட்டேரிக்குப்பத்துக்காரர்களுக்கு வாயெல்லாம் பல். அம்பயர் மைக்கை எடுத்துவந்து ரோசம்மாளிடம் நீட்டினார்.

பட்டது என்று ஒரு சொல் சொன்னால் போதும், சொந்த ஊருக்கே கோப்பை. ராஜேஷைச் சாய்க்க இரண்டு வருஷமாக அவள் காத்திருந்த வாய்ப்பு கையில் வந்து விழுந்திருந்தது. ஆனால் கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொன்ன முந்நூறு பேரைத்தான் அவள் தினமும் சபித்துக்கொண்டிருந்தாள். இப்போது பொய் சொன்னால் அந்தக் கும்பலில் அவளும் ஒருத்தி.

“படல,” என்றாள். “கோட்டுக்கு நாலு விரக்கடை உள்ள இருந்துச்சு.”

திருக்கனூர்ப் பக்கம் விசில் பறந்தது. ராஜேஷ் வேர்வையும் மண்ணுமாக வந்து அவள் முன்னால் கை கூப்பினான். அவள் எழுந்து நின்றாள். மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

“உனக்கோசரம் சொல்லல. பாத்தத சொன்னேன். என் புள்ள முட்டி எப்படி ஒடஞ்சிச்சின்னு இப்ப நீ சொல்லு,” என்று மைக்கை அவன் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

மேடையில் இருந்த குழந்தைவேல் எழுந்து, வாடா இந்தப் பக்கம் என்று மகனை அதட்டினார். ராஜேஷ் அப்பாவைப் பார்த்தான். தலையைக் குனிந்து ஏதோ முனகினான்.

“கேக்கல. சத்தமா சொல்லுப்பா,” என்றாள்.

“மிதிச்சேன். விசிலுக்கு அப்புறந்தான். வேணும்னுதான் மிதிச்சேன்.”

நாலு ஸ்பீக்கரிலும் அது கேட்டது. ரோசம்மாள் மைக்கைத் தரையில் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் அதுவரை அனுபவித்ததில்லை.

யாரோ செல்போனில் எடுத்த வீடியோ அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. விடும்மா என்று சொல்லிக்கொண்டிருந்த டேனியல் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவனும் ஒரு நாள்கூட அதை விட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

கமிட்டி ராஜேஷை இரண்டு வருஷம் ஆடக் கூடாது என்று தள்ளி வைத்தது. கோப்பை போன கோபத்தில் ஊரில் சில பேர் ரோசம்மாளோடு பேசுவதை நிறுத்தினார்கள். ராஜேஷ் மிதித்ததை அன்றைக்கு நானும் பார்த்தேன் என்று இப்போது வந்து சொன்ன ஊர்க்காரர் இருசப்பனை, அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்று வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

அடுத்த பாவசங்கீர்த்தனத்தில், இப்போதாவது அந்தப் பையனை மன்னித்துவிட்டாயா என்று சாமியார் கேட்டார்.

“காலு நல்லா இருக்கட்டும் சாமி,” என்றாள். “ஆட்டம் மட்டும் அவனுக்கு வேணாம்.”