கொஞ்சம் வலப்பக்கம்

என் கணவர் இறந்த பிறகு, ஜவ்வாது மலையில் நடந்த ரிமோட் கார் பந்தயத்துக்கு நானும் மகள் யாழினியும் மட்டும் போனோம். காரின் டயரைச் சக்கரத்தில் ஒட்டியது நான், பேட்டரிக்குச் சார்ஜ் போட்டது அவள். அழுகை வரவில்லை. சந்தவாசலிலிருந்து வேலைக்குக் கிளம்புவது போலத்தான் கிளம்பினேன்.

பைக்கிலிருந்து விழுந்ததில் அவருக்கு மணிக்கட்டு வளைந்திருந்தது. ரிமோட்டில் இருக்கும் குட்டி ஸ்டியரிங் அவர் கையில் எப்போதும் சற்று வலப்பக்கம் திரும்பியே நிற்கும். அதற்கு ஈடாக, கார் இடப்பக்கம் இழுக்கும்படி வைத்திருந்தார். நாங்களும் வலப்பக்கம் பிடித்தே ஓட்டப் பழகியிருந்தோம்.

பந்தயத்துக்கு முன் ஓட்டிப் பார்த்தபோது, ஸ்டியரிங்கை விட்டதும் கார் இடப்பக்கம் திரும்பியதைப் பக்கத்தில் நின்ற கண்ணமங்கலத்து இளைஞர் கவனித்தார்.

"இன்னாக்கா, வண்டி லெஃப்ட்ல இழுக்குது? குடுங்க."

ரிமோட்டை வாங்கி ஒரு சின்னத் திருகைத் திருப்பினார். "இனிமே நேரா போவும்."

"ரொம்ப நன்றிப்பா" என்றேன். யாழினி என் முகத்தையே பார்த்தாள்.

பந்தயத்தில் கார் வலப்பக்கம் ஓடி, ஓரத்து டயர்களில் மோதிக் கவிழ்ந்தது.

"நேராத்தானக்கா வெச்சேன்" என்றார் அவர் சங்கடத்துடன்.

"வண்டி சரியாத்தாம்பா இருக்கு."

என் கையைப் பார்த்தேன். ஸ்டியரிங் வலப்பக்கமே திரும்பியிருந்தது.

யாழினி காரில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "மா, அப்பா வெச்ச மாதிரியே வெச்சிடு."

அவர் திருகை எவ்வளவு திருப்பி வைத்திருந்தார் என்று நான் பார்த்ததே இல்லை. கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, கார் நேராக ஓடும்வரை திருகைத் திருப்பினேன். அந்த அளவு என் கையில் இருந்தது என்று அதுவரை எனக்குத் தெரியாது.