ஜோதி அக்காவுக்கு ஒரு டிரைவர் சீட்

1. முதல் நாள்

உத்தமபாளையம் பைபாஸில் காதர் பாய் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்று நான் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னேன்.

"பாய், நான் எந்த வண்டிக்குள்ளயும் ஏற மாட்டேன். சீட்டக் கழட்டிக் கொண்டாந்து குடுத்தீகன்னா தச்சுத் தாரேன்."

அது வண்டி சீட் தைக்கிற கடை. கார், வேன் எல்லாம் வரும். அதிகம் வருவது பிக்கப்தான். பாய் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மீன் கடைக்கு வேலைக்கு வந்துட்டு மீனத் தொட மாட்டேங்கிறியே ஆத்தா."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்று முழுக்க அவரே வண்டிக்குள் குனிந்து போல்ட்டைக் கழற்றி, சீட்டைத் தூக்கிவந்து என் மிஷின் பக்கத்தில் வைத்தார்.

என் பெயர் பேச்சி. எட்டாவது வரைதான் படித்தேன். அதுவரை வீட்டில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ராசு, சின்னமனூரில் ஒரு வாழைக்காய் வியாபாரியிடம் பிக்கப் டிரைவர். வாரத்தில் பாதி நாள் குமுளிக்கு லோடு ஏற்றுவார். ஒரு நாள் மலையேறும்போது நெஞ்சு வலித்திருக்கிறது. வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்திருக்கிறார். போகிற வருகிறவர்கள் எல்லாம் டிரைவர் தூங்குகிறார் என்று நினைத்துப் போயிருக்கிறார்கள். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது.

அதற்குப் பிறகு என்னால் எந்த வண்டியின் கேபினுக்குள்ளும் ஏற முடியவில்லை. பஸ்ஸில் போவேன், வருவேன். டிரைவர் பக்கம் பார்க்கமாட்டேன்.

2. கேபின் மாறின விதம்

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவேண்டும். நீங்கள் பார்க்கிற பிக்கப் வேறு, நான் ராசுவோடு போன பிக்கப் வேறு.

அவர் ஓட்டின வண்டியில் சீட் ஒரே பலகைதான். மேலே கறுப்பு ரெக்சின். வெயிலில் நின்றால் உட்கார முடியாது, துண்டை நனைத்துப் போடுவார். கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கவேண்டும். ஸ்டியரிங்கை ஒடிக்கத் தோள்பலம் வேண்டும். அந்த வண்டியை வாங்குகிறவர் அதில் உட்காரமாட்டார். முதலாளி வாங்குவார், டிரைவர் உட்காருவார். அதனால் சீட்டைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

இப்போது வாங்குகிறவரே ஓட்டுகிறார். திராட்சைத் தோட்டக்காரர் வெள்ளிக்கிழமை பெட்டி ஏற்றுகிறார், ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு குச்சனூர் கோயிலுக்குப் போகிறார். அதனால் ஏசி வந்தது. தலை சாய்க்கத் திண்டு வைத்துத் தனித்தனி சீட் வந்தது. பவர் ஸ்டியரிங், பாட்டுக்குத் திரை, பின்னால் பார்க்க கேமரா.

பாய் சொல்வார், "முன்னாடியெல்லாம் எம்புட்டு லோடு தாங்கும்னு கேப்பாக. இப்ப செல்லுக்கு சார்ஜ் எங்கன போடுறதுன்னு கேக்குறாக."

கலர் தேர்ந்தெடுக்கப் பெண்கள் வருகிறார்கள். சேலை எடுப்பது மாதிரி ரெக்சினை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள். குமுளியிலிருந்து ஒரு சேட்டன் மூன்று முறை வந்து, "நல்ல சொகமாயிட்டு இரிக்கணும், மனசிலாயோ?" என்று சொல்லிவிட்டுப் போனார். பாய் என்னிடம், "சொகம் எத்தனை இஞ்சுன்னு கேட்டு எழுதி வச்சுக்க ஆத்தா" என்றார்.

வடுகபட்டிக்காரர் ஒருவர் ஷோரூமில் போட்டுவந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றவே விடவில்லை. அழுக்காகிவிடுமாம். அதற்கு மேலேயே கவர் தைக்கச் சொன்னார். தைத்தோம். உட்கார்ந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் வரும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். பழைய சீட்டைப் போல புது சீட்டைப் பிடுங்கக் கூடாது. அடியில் வயர் போகிறது. பெல்ட் போடவில்லை என்றால் கத்துவது அந்த வயர்தான். பார்த்துக் கழற்றவேண்டும்.

3. கொண்டை

ஜோதி அக்கா வந்தது ஒரு திங்கட்கிழமை. குச்சனூர் பக்கம் தோட்டம். தக்காளி, பச்சை மிளகாய் எடுத்துக் குமுளிக் கடைகளுக்குப் போடுகிற குடும்பம். புது பிக்கப். அக்கா பெயரில் வாங்கினது, அக்காவே ஓட்டவென்று வாங்கினது. லைசென்சும் எடுத்துவிட்டார்.

கூடவே அவர் கொழுந்தன் சேகர் வந்திருந்தார். நல்ல உயரம். வண்டியிலிருந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினார்.

"பாய், எங்க மதினி ஓட்டுனா ஸ்டியரிங்குக்கு மேல கொண்டை மட்டுந்தான் தெரியுது. எதுக்க வர்றவன் ஆளில்லாத வண்டின்னு பயந்து ஓடிருவான்."

"வாயை மூடுறா" என்றார் ஜோதி அக்கா. பாய் பக்கம் திரும்பி, "சீட்டு முன்னால போகுது பாய், மேல போக மாட்டேங்குது. பழைய வண்டி ஸ்டியரிங்க ஒடிக்க எனக்குத் தெம்பு இல்ல. இது ஒத்த வெரல்ல திரும்புதேன்னு ஆசைப்பட்டு வாங்கினேன். இப்ப ரோடு தெரிய மாட்டேங்குது."

சேகர், "எங்கப்பா சொல்லிட்டாக. சனிக்கிழமை லோட மதினி தானா குமுளிக்கு ஏத்தணும். முடியலைன்னா சாவி எனக்கு. அம்புட்டுத்தான்" என்றார்.

ஜோதி அக்கா தரையைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

பாய் சீட்டைப் பிரித்து நாலு விரல் கனத்துக்கு ஃபோம் வைத்தார். நான் மூடித் தைத்தேன். ரோடு தெரிந்தது. மறுநாள் காலையிலேயே வண்டி திரும்பி வந்தது. இந்த முறை ஓட்டிவந்தது சேகர், கூரை இடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டு. பக்கத்தில் ஜோதி அக்கா.

"பைபாஸ்ல மூணு வாட்டி ஆஃப் ஆயிருச்சு பாய். மதினிக்குக் கிளட்ச் எட்டல. பேசாம சாவியக் குடுங்கன்னா கேக்க மாட்டேங்குறாக."

அவர் டீ குடிக்கப் போனதும் ஜோதி அக்கா என் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இருவது வருசமா வண்டில ஏத்தி அனுப்புற வேலை மட்டும் பாத்தேன் ஆத்தா. ஒரு தடவையாச்சும் நானே கொண்டுபோய் எறக்கணும்னு இருக்கு. தப்பா?" என்றார். கண் கலங்கியிருந்தது.

அவரும் நானும் ஒரே உயரம்.

4. ஏறினது

வண்டியை விட்டுவிட்டு அவர்கள் இரண்டு பேரும் போன பிறகு, மதியம் நான் பாயிடம் சொன்னேன், "நான் ஏறிப் பாக்குறேன் பாய்."

அவர் டிரைவர் பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

படியில் கால் வைத்தேன். இவ்வளவு நாள் ஏறாததற்குக் காரணம் வாசம்தான். டீசல், வாழை இலை, ராசுவின் வேர்வை, எல்லாம் கலந்து கேபினில் ஒரு வாசம் இருக்கும். அது அடித்தால் தாங்கமாட்டேன் என்று பயந்தேன். ஏறி உட்கார்ந்தேன். பசை வாசமும் புது பிளாஸ்டிக் வாசமும் அடித்தது. அவர் வாசம் இல்லை. துளிகூட இல்லை. அதுதான் தாங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சத்தம்போட்டு அழுதேன்.

பாய் வெளியே நின்று சொன்னார், "ஏத்தா, கதவச் சாத்திக்க. யாரும் வர மாட்டாக. நான் வாசல்ல நிக்கிறேன்."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தபோது கால் கிளட்சின் மேல் இருந்தது. மிதித்துப் பார்த்தேன். பாதி வரைதான் போனது. தொடைக்கு அடியில் சீட்டின் முன் விளிம்பு தூக்கிக்கொண்டு நின்று காலை மேலே தள்ளியது. அப்போதுதான் பிடிபட்டது. சீட் முழுக்க உயரக் கூடாது. பின்பக்கம் உயரவேண்டும், முன்னால் வரவர இறங்கவேண்டும். முதுகுப்பக்கம் இடுப்புக்கு ஒரு திண்டு கொடுத்தால் ஆளை முன்னால் தள்ளும், பாதம் முழுசாகப் பதியும். பிளவுஸில் உடம்பு வளைகிற இடத்தில் துணியைப் பிடிக்கிறோமே, அதே வேலைதான்.

அடியில் கெட்டியான ஃபோம், மேலே மெத்து. சரித்து வெட்டினேன். ஏறி உட்கார்ந்தேன், இறங்கி வெட்டினேன், மறுபடி ஏறினேன். பொழுது சாய்வதற்குள் எத்தனை தடவை ஏறி இறங்கினேனோ. கடைசியில் மிதித்தபோது கிளட்ச் அடிவரை போனது. கழுத்தை அறுத்த பெல்ட்கூடத் தோளுக்கு வந்திருந்தது.

5. கோம்பை ரோடு

புதன்கிழமை ஜோதி அக்கா வந்து உட்கார்ந்து பார்த்தார். மிதித்தார். இன்னொரு முறை மிதித்தார்.

"ஏறு பேச்சி. நீ வந்தாத்தான் எடுப்பேன்."

டிரைவர் சீட்டில் முந்தின நாளே ஏறிவிட்டேன். பக்கத்து சீட்தான் ராசுவோடு போகும்போது நான் உட்கார்ந்த இடம், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஏறினேன்.

கோம்பை ரோட்டில் போனோம். அக்காவுக்கு ஸ்டியரிங் வந்துவிட்டது, கியர் வரவில்லை. எஞ்சின் கத்தின பிறகுதான் மாற்றுவார்.

"மீட்டர்ல அம்பு காட்டும், அப்ப கியர மாத்துன்னு ஷோரூம்ல சொன்னாக. ரோட்டப் பாக்கவா, அம்பப் பாக்கவா?"

ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கச் சொன்னேன். புது வண்டியில் கண்ணாடியை ஏற்றினால் எஞ்சின் சத்தம் காதுக்கு வராது. கொஞ்ச தூரம் போனதும் அக்கா என் காலைப் பார்த்தார்.

"என்னத்துக்கு ஆத்தா அடிக்கடி கால இழுக்குற? வலிக்குதா?"

அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. ராசு வண்டியில் ஜன்னலோரம் லோடுமேன் உட்காருவார், நான் நடுவில். கியர் ராடு என் முழங்காலை ஒட்டி நிற்கும். இடித்து இடித்து, எஞ்சின் சத்தம் மாறும்போதே கால் தானாக ஒதுங்கிக்கொள்ளும். அவர் கை கியருக்கு வருவதற்கு முன்னால் நான் ஒதுங்கியிருப்பேன். "எனக்கு முன்னால ஒனக்குத் தெரிஞ்சிருது பாரு" என்று சிரிப்பார். இந்த வண்டியில் கியர் அக்கா பக்கம் தள்ளி இருக்கிறது, நடுவில் சாமான் வைக்கிற டப்பா இருக்கிறது. இடிக்க ஒன்றுமில்லை. கால் மட்டும் ஒதுங்கிக்கொண்டிருந்தது.

அதைச் சொன்னேன். அக்கா வேகத்தைக் குறைத்தார். பிறகு, "நீ கால எடுக்கும்போது நான் கியரப் போடுறேன். சரியா வருதா பாப்போம்" என்றார்.

போட்டார். வெண்ணெய் மாதிரி விழுந்தது.

"அம்ப விட ஒன் முட்டி நல்லாச் சொல்லுது ஆத்தா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ராசு போன பிறகு கேபினில் உட்கார்ந்து நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

6. குமுளி

சனிக்கிழமை பாயிடம் லீவு கேட்டேன். "போய்ட்டு வா. சீட்டு உறுத்துதான்னு பாத்துட்டு வா" என்றார்.

பின்னால் தக்காளிப் பெட்டியும் மிளகாய் மூட்டையும். முன்னால் நாங்கள் இரண்டு பேர். சேகர் பைக்கில் பின்னாலேயே வந்தார். லோயர் கேம்ப் தாண்டி மலை தொடங்கியதும் அக்கா ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். என் காலை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து மாற்றினார்.

ஒரு வளைவில் எதிரே பஸ் இறங்கியது. அக்கா ஒதுங்கி நிறுத்தினார். பஸ் போனது. எடுக்கும்போது வண்டி ஆஃப் ஆகிவிட்டது. லோடோடு ஏற்றத்தில் நிற்கிறோம். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. சேகர் பைக்கை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு ஓடிவந்தார்.

"எறங்குங்க மதினி. நான் எடுக்குறேன்."

"தள்ளி நில்லு சேகரு."

"உருண்டுறப் போகுது மதினி, சொன்னாக் கேளுங்க!"

"அதான் சொல்றேன், தள்ளி நில்லு."

ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கிளட்சை அடிவரை மிதித்தார். பாதம் முழுசாகப் பதிந்திருந்ததைப் பார்த்தேன். ஸ்டார்ட் செய்து, மெல்லக் காலை எடுத்து, வண்டி திமிறும்போது பிரேக்கை விட்டார். ஒரு முழம்கூடப் பின்னால் போகாமல் ஏறியது.

அதற்குக் கொஞ்சம் மேலேதான் ராசு ஓரங்கட்டின இடம். எனக்குத் தெரியும். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு கல், கொஞ்சம் புல். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடம் பின்னால் போய் மறைகிற வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். முன்னால் திரும்பினபோது வண்டி அடுத்த கியரில் போய்க்கொண்டிருந்தது. நான் காலை எடுக்கவே இல்லை. அக்காவே மாற்றியிருந்தார்.

குமுளியில் கடை வாசலில் பெட்டிகளை இறக்கினோம். வண்டியைக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுக்கவேண்டியிருந்தது. "நான் எடுக்குறேன்" என்று சேகர் தாவி ஏறினார். ஏறின வேகத்தில் தலை கூரையில் நங்கென்று இடித்தது. முட்டி இரண்டும் ஸ்டியரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

"என்னக்கா இப்பிடித் தச்சு வச்சிருக்கீக? இதுல மனுசன் உக்காருவானா?"

நான் வாயைத் திறக்கும் முன் ஜோதி அக்கா கதவைத் திறந்து பிடித்தார்.

"மனுசி உக்காருவா. எறங்குடா."

சேகர் தலையைத் தடவிக்கொண்டே இறங்கினார். பிறகு போனை எடுத்து அப்பாவிடம் பேசினார். "வந்துட்டோம்ப்பா. மதினிதான் ஓட்டிட்டு வந்தாக. ஆமா, முழுக்க."

இப்போது பிக்கப் வந்தால் நானே ஏறுகிறேன். என்ன கலர், என்ன ரெக்சின் என்பதெல்லாம் அப்புறம். ஓட்டப்போகிறது யார், அவர் எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் போவார், எங்கே வலிக்கும் என்றுதான் முதலில் கேட்பேன். வண்டி எவ்வளவு மாறினாலும் கம்பெனிக்காரன் நம் ஆளைப் பார்த்ததில்லை. நாம்தான் பார்க்கிறோம். ராசு முதுகு வலிக்கிறது என்று தினமும் சொல்வார். நான் எண்ணெய் தேய்த்துவிடுவேன். அந்த சீட்டைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று அப்போது யாருக்குமே தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றவேண்டும். வெளியே நின்று அளவெடுக்காதீர்கள். ஏறி உட்காருங்கள்.