கத்தாழை மீனின் காதெலும்பு

மீன்துறை அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்த காலத்தில் எங்கள் வெள்ளைக்காரத் துரைக்கு ஒரே எண்ணம்தான்: மீனுக்கு வயது சொல்ல வேண்டும். மீனின் மண்டைக்குள் இரண்டு பக்கமும் வெள்ளைக் கல்லைப் போலக் காதெலும்பு உண்டு. அதைத் தேய்த்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், வெட்டிய மரத்தில் தெரிவதுபோல வளையங்கள் தெரியும். குளிர்நாட்டு மீனுக்கு ஆண்டுக்கு ஒரு வளையம். இங்கேயும் அப்படித்தானா என்று பார்க்க, மாதந்தோறும் கிள்ளான் துறைமுகத்து மீன் பாசாரில் கடல் கத்தாழையின் தலைகளையும், ஆற்றங்கரையில் விரால் தலைகளையும் வாங்கி வருவது என் வேலை.

தலைகளை அலுவலகத்திலேயே அவித்து எலும்பை எடுத்துவிடுவேன். கழுவிக் காயவைத்து, தேய்த்து, கண்ணாடியில் வளையம் எண்ணி, மீனின் நீளம் எழுதிய உறையில் இடுவதற்கு மட்டும் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த என் வீட்டுக்குக் கொண்டுபோவேன். யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து வந்து ஓராண்டுகூட ஆகாத என் மனைவி மீன் தொடாத குடும்பத்துப் பெண். முதல் நாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஒரு மாதத்தில் என்னைவிடத் தெளிவாக வளையம் எண்ணினாள்.

ஒருநாள் இரண்டு எலும்புகளை என் முன்னால் வைத்தாள்.

"இஞ்சை பாருங்கோ. இது சாண் நீள மீன்ரை, ஆறு வளையம். இது முழ நீள மீன்ரை, நாலுதான். பிறகெப்பிடி வயசு சொல்லுறது? துரையிட்டைக் கேளுங்கோவன்."

"துரைக்குத் தெரியாததே உமக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

அவள் எலும்புகளை உறையில் போட்டாள். நானும் துரையிடம் கேட்கவில்லை.

அடுத்த மாதம் நான் கிள்ளான் போகவேண்டிய நாளில் அவளுக்குக் காய்ச்சல். போகாவிட்டால் அந்த மாதத்து மீன் விடுபடும், துரை கோபிப்பார். தயங்கி நின்றேன்.

"எனக்கு ஒண்டுமில்லை. மல்லி அவிச்சுக் குடிச்சால் மாறிடும். நீங்கள் போட்டு வாங்கோ."

போனேன். பாசாரில் அன்று கத்தாழை குறைவு. அடுத்த படகு வரும்வரை காத்திருந்தேன். பிற்பகலில் ஐஸ் போட்ட தகரப் பெட்டியோடு, அலுவலகத்துக்குப் போகாமல் நேரே திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார்.

"தம்பி, அவ நடுங்கி விழுந்துட்டா. எங்க வீட்டுக்காரரு ரிக்‌ஷாவுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காரு. நீங்க வந்துட்டீங்களா, வந்துட்டீங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. சீக்கிரம் போங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். மறுநாள் காலை இறந்துபோனாள்.

காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பிச் சில வாரங்கள் கழிந்தபின் துரை என்னைக் கூப்பிட்டார். இந்த நாட்டில் குளிர்காலம் இல்லை, வளையத்தை நம்பி வயது சொல்ல முடியாது, வேலையை நிறுத்திவிடலாம் என்றார்.

"என் மனைவியும் அதைத்தான் சொன்னாள்," என்றேன்.

"எப்போது?"

"இறப்பதற்கு ஒரு மாதம் முன்னால்."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

துரை மீன் ஆய்வுக் குறிப்பேட்டைத் திறந்து அவள் பெயரைக் கேட்டார். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன், எழுதிக்கொண்டார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அடுத்த வாரமே நில அலுவலகத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.