கோட்டுப் போட்ட கொடும்பாவி

மழை வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டவன் நான். வேண்டியதோடு நிற்கவில்லை, கொடும்பாவிக்குக் கொள்ளி வைக்க வேண்டிய நேரத்தில் ஊரைவிட்டே ஓடினேன். பரீட்சை என்றேன். பொய்!

நீங்கள் சிரிக்கக்கூடும். வைக்கோல் பொம்மையை எரித்தால் மழை பெய்யுமா என்று கேட்பீர்கள். பெய்யாது. விருதுநகரில் இயற்பியல் படிக்கிறேன், எனக்குத் தெரியாதா? அப்படியானால் ஏன் ஓடினேன்...? அதுதான் இன்றுவரை விளங்கவில்லை.

எம். புதுப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். போன வருஷம் புரட்டாசி முடியப்போகிறது, கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மழை பொய்த்தால் எங்களூரில் கொடும்பாவி கட்டுவார்கள். யாரோ செய்த பாவம் மழையைத் தடுக்கிறதாம்; அந்தப் பாவியை வைக்கோலில் செய்து, தெருத்தெருவாக இழுத்து, ஒப்பாரி வைத்து, கடைசி நாள் அந்தியில் கண்மாய்க்கரையில் எரிப்பார்கள்.

நான் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. பூமி சூடாகிறது, புகையைக் குறைப்போம் என்று நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகியிருந்தது. எங்கள் தொழில் கெடும், புகையால்தான் சூடு என்பதற்கு நிரூபணம் உண்டா, முதலில் மற்றவர்கள் குறைக்கட்டும் என்றது. அவ்வளவு பணம் வைத்துக்கொண்டு! கல்லூரி மேடையில் கிழிகிழி என்று கிழித்தேன். அந்தச் சூட்டோடு ஊருக்கு வந்து கொடும்பாவிக்குக் கோட்டும் டையும் மாட்டினேன். கொள்ளி நானே வைக்கிறேன் என்று முந்திக்கொண்டதும் நான்தான். ஒருவன் ஒப்புக்கொண்டால் வேறொருவன் வைக்கக்கூடாது. எங்களூர் முறை அப்படி.

“என்னலே, மாப்பிள்ளை கணக்கா கோட்டெல்லாம் போட்டிருக்காரு?” என்றாள் பக்கத்து வீட்டுச் சித்தி.

“இவன்தான் சித்தி மழையத் தடுக்கிறவன். அமெரிக்காக்காரன்!”

“அம்புட்டுத் தூரத்துல இருந்தா? கை நீளந்தான்!”

தெருவே சிரித்தது. சிரிக்காதவன் என் சிநேகிதன் கருப்பசாமி மட்டும். அவர்கள் வீட்டு மக்காச்சோளம் முழ உயரத்தில் சுருண்டு நின்றது. “இந்த வாரம் ஒரு மழை விழுந்தாப் போதும்லே. இல்லேன்னா மாட்ட விட்டு மேய்க்க வேண்டியதுதான்,” என்றான்.

கடைசி நாள் சாயங்காலம் அம்மா வேலை விட்டு வந்தாள். அவளும் அப்பாவும் ஒரே பட்டாசுக் கம்பெனி.

“ஏலே, கம்பெனியில காயப்போடுற மேடையில பட்டாசுச் சரக்கு காயுது. தீவாளி லோடு ஏறுற வரைக்கும் வெயில் அடிக்கணும். நனைஞ்சா எங்களுக்கு வேலையும் இல்ல, உனக்குக் காலேசும் இல்ல. நீ போயி மழைக்கு அழுதுக்கிட்டு இருக்கே!”

லோடு ஏறிய பிறகு பெய்யட்டுமே என்று தோன்றியது. கொஞ்ச நாள்தானே! பொம்மையால் மழை வரும் என்பதற்கு நிரூபணம் உண்டா? நான் ஒருவன் விலகினால் என்ன கெட்டுவிடும்? ஐயோ, இதே வாதங்களைத்தானே கல்லூரி மேடையில் கிழித்தேன்...! தெரிந்தேதான் சட்டையை மாட்டிக்கொண்டு விருதுநகர் பஸ்ஸில் ஏறினேன்.

கொடும்பாவி எரியாமலே கண்மாய்க்கரையில் கிடந்தது. மழை வரவில்லை. லோடு ஏறியது. சோளக்காட்டில் மாடுகள் மேய்ந்தன.

நான் கொள்ளி வைத்திருந்தாலும் வந்திராது... இல்லையா? வந்திராது என்றால் என் மேல் குற்றமில்லை. வந்திருக்கும் என்றால் என் படிப்பே பொய். இரண்டில் எது எனக்கு வேண்டும்? நீங்களாவது சொல்லுங்களேன்!

தை மாதம் கருப்பசாமி வாசலில் வந்து நின்றான். “உங்க அப்பாகிட்டச் சொல்லி என்னையும் கம்பெனியில சேத்துவிடுலே.” சேர்த்துவிட்டேன். “இந்த உதவிய மறக்க மாட்டேன்,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கையை உருவிக்கொண்டேன்.

இந்த வருஷம் மறுபடியும் பட்டாசு சீசன். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி வாசலில் அவனோடு நின்றேன். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. எத்தனை நாள் கழித்து! அவன் முகம் சுருங்கியது.

“சனியன், இப்பவா வரணும்? பூராச் சரக்கும் மேடையில கிடக்குலே. வந்துரக்கூடாதுன்னு நீயும் வேண்டிக்கோ!” என்றபடி உள்ளே ஓடினான்.

கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன்... யாரிடம் என்றுதான் தெரியவில்லை.